உள்ளங்கைக் கணக்கு

ஆகஸ்ட் 6, புதன்

டாக்டர் நந்திதா பொய் எழுதுகிறார். இன்று காலை என் கண் முன்னால்தான் எழுதினார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "கோகிலா, இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார். அக்கா உதட்டைப் பிரிக்காமலே, காற்றுப் போவது போல, "பரவால்லீங்க" என்றாள். டாக்டர் கையிலிருந்த தாளில் ஒரு டிக் போட்டார். எட்டிப் பார்த்தேன். முன்னேற்றம் என்று அர்த்தம் வரும் ஆங்கில வார்த்தைக்கு நேராக அந்த டிக் இருந்தது.

அந்த நேரத்தில் அக்கா எப்படி இருந்தாள் என்று நான் எழுதி வைக்கிறேன். முதுகில் தோல் இல்லை. மார்பிலும் தொடையிலும் தோல் ஈரத்தாள் மாதிரி சுருண்டு உரிந்து கிடந்தது. எச்சிலை விழுங்க முடியாமல் காதோரம் வழியவிட்டாள். இரண்டு கண்களும் சீழ் கட்டி ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றுக்குப் போகும்போது கத்தக் கூடாது என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உடம்பையே முறுக்குகிறாள். இதுதான் முன்னேற்றமாம்.

அக்காவுக்குப் போன மாதம் பனியன் கம்பெனியில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே வலிப்பு வந்தது. ஊர் டாக்டர் ஒருவர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை ஆரம்பித்த மூன்றாவது வாரம் காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு. அம்மா அம்மை என்று நினைத்து வேப்பிலை கட்டினாள். மறுநாள் போர்வையை எடுத்தபோது போர்வையோடு தோலும் வந்தது. திருப்பூரில் பார்த்துவிட்டு இங்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். சிலருக்கு அந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாதாம். யாருக்கு என்று முன்கூட்டியே தெரியாதாம். சரி, அதை விடுகிறேன். மாத்திரை கொடுத்தவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

டாக்டர் நந்திதா இங்கே தோல் டாக்டருக்கு மேல்படிப்புப் படிக்கிறார். என்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருக்கலாம். ஒரு புது ஊசி இந்த வியாதிக்கு எவ்வளவு பலன் தருகிறது என்று பார்ப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அக்காவின் புருஷன், மாமாதான் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டார். அதற்காகத்தான் தினமும் கேள்வி. முதல் இரண்டு மூன்று நாள் அக்காவால் பேசவே முடியவில்லை. அப்போதும் கேட்டார்கள். பதில் போயிற்று. டிக் விழுந்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலையில் மார்க்கெட்டுக்குப் போய் வாழையிலை வாங்கினேன். துணி பட்டால் ஒட்டிக்கொள்கிறது என்பதால் அக்காவை இலையில்தான் படுக்க வைத்திருக்கிறார்கள். கொழுந்தாக இருக்க வேண்டும், நடுத் தண்டைச் சீவ வேண்டும், சிஸ்டர் அதை வேகவைத்துத் துடைத்துத் தருவார்.

இலைக்காரர் இன்று கேட்டார்: "ஏனம்மிணி, தினமும் தலைவாழையா வாங்கறியே, ஒறம்பரை வந்திருக்காங்களா, இல்ல வீட்ல நோம்பி, விசேஷமா?"

"நோம்பிதானுங்க" என்றேன். "பெரிய நோம்பி."

"அப்ப ரெண்டு எச்சா வெச்சுக்க" என்று கொசுறு கொடுத்தார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பக்கத்து அறையில் இதே வியாதியோடு இருந்த ஒரு பெரியவர் இறந்துவிட்டார். அவருக்கும் அந்த ஊசிதான். காலையில் அவருடைய மகள் பிளாஸ்க்கில் காபி வாங்கிக்கொண்டு வந்தாள். காபியோடு வராந்தாவிலேயே நின்றாள். நான் வாங்கி வைத்துவிட்டு அவளை உட்கார வைத்தேன்.

அக்காவிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. கண்தான் ஒட்டியிருக்கிறது, காது நன்றாகவே கேட்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்று டாக்டர் நந்திதா எப்படி அளக்கிறார் என்று பார்த்தேன். அக்காவின் வலது கையைத் தூக்கி விரல்களைச் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு கண்ணாலேயே அந்தக் கையை முதுகில் வைத்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணினார்.

"என்னங்க எண்றீங்க?"

"ஒருத்தரோட உள்ளங்கை, விரலோட சேர்த்து, அவங்க உடம்புல நூத்துல ஒரு பங்கு. தோல் உரிஞ்ச இடம் எத்தனை உள்ளங்கைன்னு எண்ணினா எவ்வளவு பாதிப்புன்னு தெரியும். அது தினம் குறையணும். குறைஞ்சா மருந்து வேலை செய்யுது."

நல்ல வழியாகத்தான் பட்டது. டேப் வேண்டாம், மெஷின் வேண்டாம். அவரவர் கைதான் அவரவர்க்கு அளவு.

"அப்ப கண்ணு எத்தனைங்க?" என்று கேட்டேன்.

"கண்ணா?"

"கண்ணு ரெண்டும் எத்தனை பங்குங்க?"

சிரித்துவிட்டார். நக்கலாக இல்லை, சோர்வாகத்தான். "கண்ணு இந்தக் கணக்குல வராது. இது தோலுக்கு மட்டும்."

அவர் போனதும் என் உள்ளங்கையை என் முகத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு கண்களையும் மூடி இடம் மிச்சம் இருந்தது.

மதியம் மாமா வந்தார். துணியை அமுக்கிச் சீராக்குகிற காம்பாக்டிங் மெஷினில் வேலை, ஞாயிறு மட்டும்தான் வர முடியும். பெண்கள் வார்டில் ஆண்கள் நிற்கக் கூடாது என்று சிஸ்டர் துரத்த, வாசல் கதவுக்கு வெளியிலிருந்தே கழுத்தை நீட்டிப் பேசினார்.

"கோகிலா, எப்படிம்மா இருக்கற?"

"பரவால்லீங்க மாமா."

"பாத்தியா, பரவால்லையாமா" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாலு வயது மகள் யாழினியைக் கூட்டி வரவில்லை. பயந்துவிடுவாள் என்றார். பயந்தது அவர்தான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

கண் டாக்டர்கள் வேறு கட்டடத்தில் இருக்கிறார்கள். போன வாரக் கடைசியில்தான் ஒருவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்துப் போனார். அதோடு சரி. இன்று நானே போய்க் கண் பிரிவு வாசலில் நின்றேன். உள்ளே விடவில்லை. சாப்பிடப் போகும்போது ஒரு சின்ன டாக்டரைப் பிடித்துக்கொண்டேன். கையில் டிபன் பாக்ஸோடு வந்தார், பாவம்.

அக்காவின் கண்ணைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணாடிக் குச்சியால் இமைக்கு உள்ளே மெதுவாகத் துழாவினார். அக்கா காலை உதைத்தாள்.

வராந்தாவுக்கு வந்ததும் என்னிடம் சொன்னார்: "இமையும் கண்ணும் உள்ள ஒட்ட ஆரம்பிச்சிருக்கு. பிரசவத்துல குழந்தையைச் சுத்தி ஒரு சவ்வு வரும் இல்ல, அதைச் சுத்தம் பண்ணிக் கண்ணு மேல வெச்சா ஒட்டாம காப்பாத்தும். ஆனா ஆரம்பத்துலயே வைக்கணும். முதல் சில நாள்லயே எங்களைக் கூப்பிட்டிருக்கணும்."

"இப்ப வைங்க."

"வைக்கிறோம். ஆனா முன்னாடி வெச்ச மாதிரி இருக்காது."

"ஏன் கூப்பிடலீங்க?"

"அதை நீங்க தோல் டிபார்ட்மென்ட்லதான் கேக்கணும்."

கேட்டேன். டாக்டர் நந்திதாவை வார்டு நடுவில் நிறுத்தி, எல்லோரும் திரும்பிப் பார்க்கிற குரலில் கேட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. பிறகு அவரும் என்னிடம் ஒன்றைச் சொன்னார், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை. கேள்வி கேட்கிறவர்தான் ஒழுங்காகக் கேட்க வேண்டும். பதில் சொல்கிறவர் படித்தவரா, டாக்டரா?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சவ்வு வைத்தார்கள். அக்காவுக்குக் கண் மேல் இரண்டு கட்டு. அம்மா வந்திருந்தாள். வந்ததும் வராததுமாக அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு பாடம் எடுத்தாள்.

"சாமி, டாக்டரம்மா கேட்டா எரியுது, வலிக்குதுன்னு ஒப்பாரி வெக்காத. அவங்களே ராப்பகலா கெடந்து பாக்கறாங்க. பரவால்லீங்கன்னு சொல்லு. மனசு குளுந்துச்சுன்னா நல்லாப் பாப்பாங்க."

"அம்மா, வாயை மூடு" என்றேன். "அந்த வார்த்தையாலதான் எல்லாம் கெட்டுச்சு."

"என்னடி கெட்டுச்சு? மொத நாளு டாக்டரம்மா கண்ணு எப்படி இருக்குதுன்னு கேட்டப்ப, அவளுக்கு வாய் தொறக்க முடியலீன்னு நீதான பரவால்லீங்கன்னு சொன்ன? நான் பக்கத்துலதான நின்னுட்டிருந்தேன்."

அம்மாவுக்கு இப்போதெல்லாம் காது சரியாகக் கேட்பதில்லை. சாயங்கால பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டேன். இன்றைக்குத் துவைக்கிற வேலை நிறைய இருந்தது.

ஆகஸ்ட் 13, புதன்

அக்கா கம்பெனியில் செக்கிங். அதாவது, தைத்து வந்த பனியனை விளக்குக்கு நேரே விரித்துப் பிடித்து ஓட்டை, நூல் பிசகு, கறை எல்லாம் பார்த்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நான் அதே கம்பெனியில் ஓவர்லாக். நான் தைத்ததையே எத்தனை தடவை என் மூஞ்சியில் வீசியிருக்கிறாள். "என்ற தங்கச்சி தெச்சாலும் ஓட்டை ஓட்டைதான்" என்பாள். செக்கிங் மேஜையில் யாரும் பனியனைப் பார்த்து நல்லாயிருக்கியா என்று கேட்பதில்லை. விளக்கில் பிடித்துப் பார்ப்பார்கள்.

இன்று நானும் அப்படித்தான் பார்த்தேன். எப்படி இருக்கு என்று கேட்கவில்லை.

"எச்சில் முழுங்க முடியுதா?"

"கஞ்சின்னா முடியுது. எச்சில் முடியல."

"ஒண்ணுக்குப் போறப்ப?"

"கத்தி மாதிரி."

"இத ஏன் டாக்டர்கிட்ட சொல்லல?"

"அவங்க அதக் கேக்கலியே. எப்படி இருக்குன்னுதான கேட்டாங்க."

எனக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது. அக்கா பொய் சொல்லவில்லை. எப்படி இருக்கு என்றால் எங்கள் ஊரில் அது கேள்வியே இல்லை, வணக்கம் மாதிரி. அதற்குப் பதில் பரவால்லீங்க. நாலு பேர் தூக்கிக்கொண்டு போகிற நிலைமையிலும் அதுதான் பதில். சென்னையிலிருந்து வந்த டாக்டருக்கு அது தெரியாது. தெரிந்தவர்களும் பக்கத்தில் இருந்தோம். சரி.

கடைசியாகக் கேட்டேன்: "உனக்கு எது சரியானா போதும்? ஒண்ணே ஒண்ணு."

தோல் என்று சொல்வாள் என்று நினைத்தேன். உடம்பில் பாதித் தோலைப் பறிகொடுத்தவள் வேறு எதைச் சொல்வாள்?

"கண்ணுல தண்ணி வரணும்டி. உள்ள மண்ணு கொட்டுன மாதிரி இருக்குது. அழுதாலும் வரமாட்டேங்குது."

பிறகு அவளே சொன்னாள்: "நாளைக்கு என்ற மாமியா செத்தா நான் என்னடி பண்ணுவேன்? பாரு, மருமக ஒரு சொட்டு விடலீன்னு சனம் மொத்தமும் பேசும்."

சிரித்தேன். அவளும் சிரிக்கப் பார்த்தாள், உதடு கிழிந்து ரத்தம் வந்துவிட்டது.

அவள் சொன்னதை எல்லாம் டாக்டர் நந்திதாவிடம் அப்படியே சொன்னேன். இந்தத் தடவை நின்று கேட்டார். கையிலிருந்த தாளைப் புரட்டிப் பார்த்தார். "இதையெல்லாம் எழுத இதுல இடமே இல்ல" என்றார். அவருக்கே அது அப்போதுதான் தெரிந்த மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கீழே கொடி ஏற்றினார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். அக்காவுக்கு இன்று முதுகு முழுதும் மூடிவிட்டது. வெளிறின புதுத் தோல், வெங்காயச் சருகு மாதிரி. கணக்கில் மூன்று உள்ளங்கைதான் பாக்கி. பெரிய டாக்டர் குலசேகரன் ரவுண்ட்ஸ் வந்து, "பிரமாதம்" என்றார். அவருக்குப் பின்னால் வந்த கூட்டமே தலையாட்டியது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஊசி இல்லாவிட்டால் தோல் இவ்வளவு சீக்கிரம் மூடியிருக்காது என்கிறார்கள். இருக்கலாம். உயிரோடு இருக்கிறாள். பக்கத்து அறைப் பெரியவர் இல்லை. இதையும் சொல்லாவிட்டால் நானும் பொய் எழுதுகிறவள்தான்.

டாக்டர் நந்திதா சாயங்காலம் தனியாக வந்தார். அக்காவுக்குச் சாக்லேட் கொண்டு வந்திருந்தார், அவளால் சாப்பிட முடியாது என்று நினைவு வந்ததும் என்னிடம் கொடுத்தார்.

"சார்கிட்ட கேட்டேன்" என்றார். "கண்ணு, வாய், வலி எல்லாத்தையும் சேர்க்கலாமான்னு. ஸ்டடி நடுவுல எதை அளக்கறதுங்கறதை மாத்தினா மொத்தமும் செல்லாதுன்னு சொல்லிட்டார்."

"மொத்தமும்னா யாருக்குங்க செல்லாது?"

அவர் சொட்டு மருந்துப் புட்டியை எடுத்து நேராக வைத்தார்.

"நீங்க இல்லாம இருந்தா எங்க அக்கா செத்திருப்பா. அது எனக்குத் தெரியும். அதுக்காக நீங்க எதை எழுதினாலும் சரின்னு இருக்கணுமாங்க?"

"நான் பொய் எழுதலம்மா. பரவால்லன்னா பெட்டர்னுதானே அர்த்தம்?"

"எங்க ஊர்ல அதுக்கு, உங்களுக்குத் தொந்தரவு குடுக்க மாட்டேன்னு அர்த்தமுங்க."

சாக்லேட்டை நான்தான் சாப்பிட்டேன். பசி.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கறுப்புக் கண்ணாடி, சொட்டு மருந்து, தேங்காய் எண்ணெய். அக்காவை முன்னாலும் பின்னாலும் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். முகத்தை எடுக்கவில்லை. முகம் தெரியக் கூடாதாம், அது விதியாம். எவ்வளவு வசதியான விதி.

ஆகஸ்ட் 22, வெள்ளி

யாழினி அக்காவின் பக்கத்தில் போகமாட்டேன் என்கிறாள். "அது அம்மா இல்ல. அம்மா குரல் மட்டும்."

செப்டம்பர் 3, புதன்

இமையில் முடி உள்பக்கமாக முளைக்கிறது. கண் சிமிட்டும்போதெல்லாம் குத்துகிறது. வாரம் ஒரு தடவை கண் பிரிவில் போய் அந்த முடியைப் பிடுங்கிவிட்டு வருகிறோம். அக்கா பகலில் ஜன்னலை மூடிவிட்டுத்தான் உட்காருகிறாள். வெளிச்சம் பட்டால் கூசி, இரண்டு கண்ணையும் இறுக்கிக்கொள்கிறாள். சொட்டு மருந்து போட்ட கொஞ்ச நேரம் மட்டும் தெளிவாகத் தெரிகிறதாம், பிறகு எல்லாம் எண்ணெய்த்தாள் வழியாகப் பார்ப்பது போல ஆகிவிடுகிறதாம்.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அட, தோல் நல்லா வந்துருச்சே" என்கிறார்கள். அக்கா, "பரவால்லீங்க" என்கிறாள். நான் சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டுகிறேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

இன்று பிடிவாதமாகக் கம்பெனிக்கு வந்தாள். "வீட்ல உக்காந்தா எனக்கே என்னைப் புடிக்கல" என்றாள். கறுப்புக் கண்ணாடியோடு செக்கிங் மேஜையில் நின்றாள். மேஜைக்கு மேலே டியூப் லைட் வரிசை. பக்கத்தில் நிற்கிற ஜோதிமணி, "என்ன கோகிலா, சினிமாக்காரி மாதிரி வந்திருக்கற? கையெழுத்துக் கெடைக்குமா?" என்றாள்.

"பாட்டு ஷூட்டிங் இருக்குது, சீக்கிரம் வுட்ருங்க" என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். பழைய அக்கா மாதிரியே இருந்தது.

டீ நேரத்துக்கு முன்பே சூப்பர்வைசர் ஒரு பனியன் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்கா பாஸ் பண்ணி ஸ்டிக்கர் ஒட்டின பனியன் ஒன்றை எடுத்து விரித்தார். தோளில் விரல் போகிற அளவுக்கு ஓட்டை.

"கோகிலா, கொஞ்ச நாளைக்கு வீட்ல இருந்து ஓய்வு எடும்மா. ஒடம்பு நல்லானதும் பாத்துக்கலாம்."

அக்கா அந்தப் பனியனை வாங்கி முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரலால் தடவித்தான் ஓட்டையைக் கண்டுபிடித்தாள். யார் தைத்தது என்று கேட்டாள். நான் இல்லை, நல்லவேளை.

பஸ்ஸில் வரும்போது சொன்னாள்: "இத்தன வருசத்துல ஒரு ஓட்டை என்னைத் தாண்டிப் போனதில்லடி."

கண்ணாடிக்குப் பின்னால் முகம் கோணிற்று. அழுகிறாள் என்று தோள் குலுங்குவதை வைத்துத்தான் தெரிந்தது. கன்னம் காய்ந்திருந்தது.

செப்டம்பர் 24, புதன்

டாக்டர் நந்திதா போன் செய்தார். சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர்கள் கூட்டம். பல ஊர்களிலிருந்து வருகிறார்கள். ஆராய்ச்சியில் நன்றாகக் குணமானவர்களை நேரில் காட்டுவார்கள், அக்காவைக் கூட்டி வர முடியுமா என்று கேட்டார்.

"குணமானவங்களையா?" என்றேன்.

"ப்ளீஸ்" என்றார். அப்புறம், "எனக்கு வேற வழி இல்ல" என்றார்.

நான் முடியாது என்று சொல்லப் போனேன். அக்கா போனைப் பிடுங்கி, "வர்றோமுங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டாள்.

"ஏன் சொன்ன? நம்மள வெச்சு அவங்க பேர் வாங்கிக்குவாங்க."

"வாங்கிட்டுப் போவுது. அந்தப் பொண்ணு என்ற முதுகுக்குத் தன் கையால மருந்து போட்டுது. நாத்தத்துல நீயே மூக்கைச் சுளிச்ச, அது சுளிக்கல."

நான் சுளித்தேனா? இருக்கலாம்.

செப்டம்பர் 27, சனி

இப்போதுதான் வந்து சேர்ந்தோம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

குளிரூட்டின ஹால். வரிசையாக டாக்டர்கள். மேடை ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அக்காவை உட்கார வைத்தார்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள், முகத்துத் தோலும் தெரிய வேண்டுமாம். நான் பின்னால் சுவரோரம் நின்றேன். திரையில் அக்காவின் முதுகு. முதலில் சிவந்து உரிந்த முதுகு, அடுத்து மூடின முதுகு. பக்கத்தில் இறங்கிக்கொண்டே வரும் ஒரு கோடு. டாக்டர் நந்திதா ஆங்கிலத்தில் பேசினார். ஒரு தடவைகூடத் தலையைத் தூக்கி அக்கா பக்கம் பார்க்கவில்லை. கடைசி வரியில் எனக்குப் புரிந்தது இதுதான்: இந்த மருந்தால் நோயாளிக்கு அர்த்தமுள்ள பலன்.

கை தட்டினார்கள். ஒரு டாக்டர் எழுந்து ஆங்கிலத்தில் ஏதோ நீளமாகக் கேட்டார். கண்ணைப் பற்றி என்று நினைத்து நிமிர்ந்தேன். தன் விரலைத் தொட்டுக் காட்டினார். நகத்தைப் பற்றி.

பெரிய டாக்டர் குலசேகரன் மேடைக்கு வந்து அக்காவின் பக்கத்தில் குனிந்தார். மைக்கை அவள் வாயருகே நீட்டினார். நல்ல மனிதர் மாதிரிச் சிரித்தார்.

"சொல்லும்மா. இப்ப எப்படி இருக்கு?"

அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அவள் வாய் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். ஹால் முழுதும் கேட்டது.

"பரவால்லீங்க."

சிலர் சிரித்தார்கள், சந்தோஷமான சிரிப்பு. அக்காவின் கைத்தோலைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார். யாரோ ஒரு பெரிய விளக்கைத் தள்ளிக்கொண்டு வந்து அவள் பக்கம் திருப்பிப் போட்டார்கள்.

அக்கா பட்டென்று வலது கையைத் தூக்கி முகத்தை மறைத்தாள்.

"கையைக் கீழ வைம்மா" என்றார் பெரிய டாக்டர். "பயப்படாத."

அவள் வைக்கவில்லை. அவளால் முடியாது.

நான் எப்போது முன்னால் போனேன் என்று தெரியவில்லை. மேடைக்குக் கீழே நின்றிருந்தேன்.

"கையை எடுக்கச் சொல்லாதீங்க. அந்தக் கையைப் பாருங்க" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அந்தக் கையை வெச்சுத்தான அவ ஒடம்பு மொத்தமும் அளந்தீங்க? இப்ப அது எதை மூடியிருக்குதுன்னு பாருங்க. ஒரு கை. உங்க கணக்குல நூத்துல ஒரு பங்கு. அதுக்கு அடியிலதான் அவ வேலை இருக்குது. அவ புள்ள மொகம் இருக்குது. அவளுக்கு அழக்கூட முடியல, தெரியுமா உங்களுக்கு? எப்படி இருக்குன்னு கேட்டா பரவால்லீங்கன்னுதான் சொல்லுவா. நானும் அப்படித்தான்..."

அதற்கு மேல் அந்த வாக்கியம் வரவில்லை. விட்டுவிட்டேன்.

"அவகிட்ட என்ன முடியலன்னு கேளுங்க. கேட்டு எழுதுங்க. அந்தத் தாள்ல எடம் இல்லீன்னா தாளை மாத்துங்க."

பெரிய டாக்டர் மைக்கை இறக்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். முன்வரிசையில் ஒருவர் போனை எடுத்துக் குனிந்துகொண்டார். டாக்டர் நந்திதா கையில் பேனா இருந்தது. நான் அவரைத்தான் பார்த்தேன். அவர் அக்காவைப் பார்த்தார், இன்று முதல் தடவையாக. பேனா மூடியைத் திறந்தார். பெரிய டாக்டரைப் பார்த்தார். மூடினார்.

திரையில் வேறு ஒருவருடைய முதுகு வந்தது.

அக்கா விளக்குக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கையை எடுக்கவில்லை.

"எழுதுங்க" என்றேன். "எழுதுங்க டாக்டர்."